திரும்பும் குழாய்

மெஸ்தியாவில் எல்லாரும் பிளக் என்றார்கள்.
பிளக் மாற்றினேன்.
பிறகு பம்ப் என்றார்கள்.
பம்ப் அறுநூறு லரி. என்னிடம் இல்லை.
இல்லாமை சில சமயம் நல்ல மெக்கானிக்.

உஷ்குலி ஏற்றத்தில் என் டெலிகா
கருங்குதிரை வால் மாதிரி புகை விட்டது.
பின்சீட்டுப் போலந்துக்காரர்கள்
ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மறு கையால் கல்கோபுரங்களைப் படம் எடுத்தார்கள்.
நூறு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து லிட்டர்.
ஓட்டுவது நான்,
குடிப்பது அது.

அன்றிரவு சீட்டைக் கழற்றினேன்.
இந்த வண்டிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்;
ஒன்பது வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்,
குனிந்து கேட்டதில்லை.
ரெகுலேட்டரின் தலையில் பென்சில் தடிமனில்
ஒரு வாக்குவம் குழாய்.
பிடுங்கி முகர்ந்தேன்.
காற்று மட்டும் இருக்கவேண்டிய இடத்தில்
பெட்ரோல்.
உள்ளே, பழைய நாணயம் அளவு
ஒரு ரப்பர் சவ்வு
கிழிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

புதியது சுக்தீதியிலிருந்து மினிபஸ்ஸில் வந்தது,
கால் கட்டிய கோழி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து.
எண்பத்தைந்து லரி.

கூடவே ஜான்சுக்கும் வந்தான்.
வண்டியில் பாதி அவனுடையது என்கிறது விவாகரத்துத் தாள்.
எந்தப் பாதி என்று நீதிபதி எழுதவில்லை.

பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
ஸ்டார்ட் செய்தேன். சில நொடி ஓடி,
இருமி, நின்றது.
குழாய்க்குள் இருந்த கோபம் இறங்கியது.
அதற்குமேல் துணி போர்த்தித்தான் திறக்கவேண்டும்,
மிச்சக் கோபம் கண்ணில் தெறிக்கும்.

இரண்டு போல்ட். ஒன்று வந்தது.
மற்றது பதினாறு குளிர்காலத்தைப் பற்களால் கடித்திருந்தது.
"சுத்தியலால் தட்டு, நனுலி."
"நீ டார்ச்சைப் பிடி."
"ஸ்பானரை என்னிடம் கொடு."
"டார்ச், ஜான்சுக்."
அவன் காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்து
மதில்மேல் வைத்தேன்.
மறுபேச்சு இல்லாமல் பிடித்தான்.
ஒருவேளை அதுதான் எங்கள் மணவாழ்வின்
மிக நீண்ட அமைதி.

புது வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி,
அழுத்தி, முறுக்கி,
ஃபியூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன்.
ஒழுகியது.
மெல்ல இல்லை. தாராளமாக.
"டூப்ளிகேட் சாமான்," என்றான் உடனே,
காத்திருந்தவன் போல.

மறுபடி கழற்றினேன்.
பழையதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்:
அதன் கழுத்தில் வளையம் இல்லை.
எங்கே?
டார்ச்சை அவன் கையோடு வளைத்து
ரெயிலின் துளைக்குள் அடித்தேன்.
அங்கே இருந்தது, கறுத்து, தட்டையாகி.
வண்டியின் ஆள் கழன்று போன பிறகும்
இடத்தைவிட்டு எழாமல்.
குரோஷா ஊசியால் இழுத்தேன்,
ஓரம் கீறாமல்.
ஜான்சுக் அதை உள்ளங்கையில் வைத்து
வெகுநேரம் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை ஈரமே இல்லை.
முள் இரண்டு புள்ளி ஆறில் நின்றது.
வாக்குவம் குழாயைப் பிடுங்கினால் மூன்று புள்ளி மூன்று;
மாட்டினால் மறுபடி இரண்டு புள்ளி ஆறு.
மூன்று தடவை பிடுங்கி மாட்டினேன்.
ஒரு தடவை சோதனைக்கு,
இரண்டு தடவை சும்மா.

பம்ப் எப்போதும் முழுமூச்சாய்த்தான் தள்ளும்,
அதற்கு வேறு தெரியாது.
எஞ்சின் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.
மீதியை வாசலிலேயே மறித்து
வந்த வழிக்கு அனுப்பாமல்,
தனக்கென்று வைத்துக்கொள்ளாமல்,
இன்னொரு குழாயில் டேங்குக்கே திருப்பிவிடுவது
இந்த விரல்நீளச் சாமான்.
இவ்வளவு நாள் அது செய்யாததை
நாங்கள் புகை என்று அழைத்தோம்.

காலையில் முற்றத்தில் வண்டி உறுமியது.
குளிரில் வெள்ளை ஆவி மட்டும்.
எங்குரி ஆற்றின் சத்தம்
பல மாதம் கழித்து எஞ்சினுக்குப் பின்னால் கேட்டது.

"என் பங்கு?" என்றான்.
"எண்பத்தைந்தில் பாதி."
ஐம்பது லரித் தாள் ஒன்றை நீட்டினான்.
"மீதியை நீயே வைத்துக்கொள்."
கண்ணாடிப் பெட்டியைத் துழாவி,
சீட்டுக்கடியில் துழாவி,
ஏழரை லரி எண்ணி அவன் கையில் வைத்தேன்.

பார்க்காமலே பையில் போட்டான்.
கேட்டைத் தாண்டி, மதிலுக்கு அப்பால் போனதும்
நின்று
எண்ணிப் பார்த்தான்.